பட்டறைக் கருவிகளுக்கான காஸ்டர் வீலும் பேரிங்கும்

காஸ்டர் என்பது வேலைமேசை, வெல்டிங் மெஷின், சிலிண்டர் தள்ளுவண்டி போன்றவற்றின் அடியில் பூட்டப்படும் சக்கரத் தொகுப்பு. திசை மாறாத நிலைச் சக்கரம், தலையோடு சுற்றும் சுழல் சக்கரம் என அது இருவகைப்படும். திருச்சி அருகே திருவெறும்பூரில் 1960-களில் பெல் (BHEL) கொதிகலன் ஆலை வந்தபின், துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. கனமான இரும்பை நாளெல்லாம் கையாளும் இத்தகைய இடங்களில் பேரிங் நன்றாக இருந்தால் போதும் என்று கருதப்படுவதுண்டு. ஆனால் காஸ்டர் தேர்வைத் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சமமற்ற தரையில் நான்கு சக்கர மேசை பெரும்பாலும் மூன்று சக்கரங்களில்தான் நிற்கும். ஆகவே மெஷினும் மேசையும் சேர்ந்து 600 கிலோ என்றால், ஒவ்வொரு சக்கரமும் 150 அல்ல, 200 கிலோ தாங்க வேண்டும். சக்கரம் பெரிதாக இருந்தால் கேபிளையும் தரை வெடிப்பையும் எளிதில் கடக்கும். பாலியூரித்தேன் சக்கரம் சத்தமின்றி ஓடும், தரையையும் காக்கும். ஆனால் லேத் சுருளும் கிரைண்டிங் துகளும் அதில் குத்திக்கொள்ளும். நைலானில் துகள் எளிதில் பதியாது; ஆனால் சூடான வெல்டிங் பொறி அதை உருக்கும். பொறி தெறிக்கும் இடத்துக்கு வார்ப்பிரும்பே ஏற்றது. அது தரையைத் தேய்ப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேரிங் முக்கியமில்லையா என்று கேட்கலாம். 100 மி.மீ. சக்கரம், 12 மி.மீ. அச்சு, உராய்வு எண் 0.15 உள்ள புஷ் (பந்துகள் இல்லாத வெற்றுத் தாங்கி) என்று கொண்டால், 600 கிலோவை நகர்த்த அச்சின் உராய்வுக்கு மட்டும் சுமார் 11 கிலோ விசை தேவை. பால் பேரிங் போட்டால் இது அநேகமாக மறைந்துவிடும். இந்திய ரயில்வேயின் சரக்கு வேகன்களும் புஷ் வகைத் தாங்கியிலிருந்து ரோலர் பேரிங்குக்கு மாறியவைதான். ஆயினும் தரை தரும் எதிர்ப்பைப் பேரிங் குறைக்காது. பொன்மலை ரயில்வே பணிமனைக்கு வரும் வேகனுக்கு வழவழப்பான தண்டவாளம் உண்டு, பட்டறை மேசைக்கு அது இல்லை. தூசி மிகுந்த இடத்தில் திறந்த பேரிங் விரைவில் கெடும். அங்கே மூடிய பேரிங்கோ, அவ்வப்போது கிரீஸ் அடிக்கக்கூடிய ரோலர் பேரிங்கோ வேண்டும்.

திருப்புவதும் நிறுத்துவதும் அடுத்தவை. திருவரங்கத்துச் சித்திரைத் தேரின் சக்கரங்கள் பெரியவையாதலால் எளிதில் உருளும். ஆனால் திசை மாறாதவை. ஆகவே தெருமுனையில் முட்டுக்கட்டை கொடுத்தே தேரைத் திருப்புகிறார்கள். நீண்ட தூரம் தள்ளும் வண்டிக்கு இரண்டு நிலைச் சக்கரம், இரண்டு சுழல் சக்கரம் போதும். நெருக்கமான இடத்தில் நான்கும் சுழல வேண்டும். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் பிரேக் இருந்தாலும் சுழல் தலை அசையும். வேலை செய்யும் மேசைக்கு இரண்டையும் பூட்டும் பிரேக்கே தேவை. துல்லிய வேலைக்கான லேத் போன்றவை சக்கரத்தில் நின்று ஓடக்கூடாது. ஜாக் திருகில் ஏற்றி மட்டம் பார்த்த பிறகே இயக்க வேண்டும். தரை, பளு, சக்கரப் பொருள், விட்டம், பேரிங், பிரேக் என்ற வரிசையில் முடிவெடுத்தால், விலை குறைந்த காஸ்டரும் நீண்ட நாள் உழைக்கும்.