குழாயா, பைப்பா? ஒரு பள்ளி சைக்காலஜிஸ்ட் உருவாகும் கதை

இன்னைக்கு எபிசோடை நம்ம வீட்டுக் குழாயடியில இருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில பல வீடுகள்ல "பைப்பை மூடு"ன்னுதான் சொல்வாங்க. "டேப்பை மூடு"ன்னு எங்க வீட்ல யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போ ஒரு குழந்தைகிட்ட குழாய் படத்தைக் காட்டி, இது என்னன்னு இங்கிலீஷ்ல கேக்குறாங்கன்னு வைங்க. குழந்தை "பைப்"னு சொல்லுது. விடைத்தாள்ல இருக்குறது "டேப்". மார்க் போச்சு.

இந்த உதாரணம் நான் யோசிச்சது இல்லை. கிரெனடாவில் பிறந்து, லண்டனில் ஆசிரியராக வேலை பார்த்த பெர்னார்ட் கோர்டு என்பவர் 1971-ல் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தில் வருவது. கரீபியன் தீவுகளிலும் குழாய்க்கு பைப்னுதான் பேர். அங்கிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் லண்டன் பள்ளிகளில் ஐ.க்யூ. டெஸ்ட்ல இப்படித்தான் மார்க் இழந்தாங்க என்றார் அவர். போனது மார்க் மட்டும் இல்லை. மார்க் குறைஞ்சா "கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்" என்ற முத்திரை, தனிப் பள்ளி. அங்கே போன குழந்தை சாதாரணப் பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம்.

அந்த முடிவில் டாக்டர், தலைமையாசிரியர் எல்லாருக்கும் பங்கு இருந்தது. ஆனா எதிர்ல உக்காந்து டெஸ்ட் வைக்கும் ஆள் கல்வி உளவியலாளர். அவர் என்ன படிச்சார்? யார் அவருக்குக் கத்துக்கொடுத்தாங்க? அதுதான் இன்னைக்கு எபிசோடு.

பாரிஸ், 1905. ஆல்ஃபிரெட் பினேவும் தியோடர் சிமோனும் முதல் புத்திக்கூர்மை அளவுகோலை வெளியிட்டாங்க. வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தான் அது. அந்த எண் பிறவியிலேயே பூட்டி வெச்ச ஒண்ணு இல்லை, பயிற்சியால மாறும் என்பது பினேவின் கருத்து. அவர் 1911-ல் இறந்துட்டார். அளவுகோல் கடல் தாண்டிப் போச்சு. எச்சரிக்கை அதோட போகலை. நம்ம தொழில்ல லைப்ரரியை இறக்கிட்டு ரீட்மியைப் படிக்காம விடுற மாதிரி.

1913-ல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் சிரில் பர்ட்டை வேலைக்கு எடுத்தது. பிரிட்டனில் ஒரு உள்ளாட்சி அமைப்பு சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட முதல் சைக்காலஜிஸ்ட் இவர்தான், அதுவும் பகுதி நேரமாக. அந்த வேலைக்குன்னு ஒரு படிப்பே அப்போ கிடையாது. அவரே போட்ட பாதை. பர்ட் சும்மா அறையில உக்காந்து டெஸ்ட் வெச்ச ஆள் இல்லை. குழந்தைகளின் வீட்டுக்கும் தெருவுக்கும் போய்ப் பார்த்தவர். ஆனாலும் புத்தி பெரும்பாலும் பிறவியில் வருவது என்று உறுதியாக நம்பினார். 1944-க்குப் பிறகு பதினோரு வயசுல ஒரே பரீட்சை வெச்சு பிள்ளைகளைப் பிரிச்ச முறைக்கு, அந்த மாதிரி நம்பிக்கை வசதியாக இருந்தது. 1946-ல் அவருக்கு 'சர்' பட்டமும் வந்தது.

அவர் 1971-ல் இறந்தார். அதுக்கப்புறம் லியோன் காமின் என்ற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பர்ட்டின் கட்டுரைகளை வரிசையா வெச்சுப் படிச்சார். பிரிந்து வளர்ந்த ஒரே மாதிரி இரட்டையர்களின் ஐ.க்யூ. ஒப்புமை எண், 1955 கட்டுரையில் 21 ஜோடிக்கு 0.771. 1966-ல் 53 ஜோடி. அப்பவும் 0.771. டேட்டா ரெண்டரை மடங்கு ஆகியும் மூணாவது தசமம்கூட அசையலை. அது மோசடியா, வயசான காலத்துக் கவனக்குறைவா என்று இன்னும் சண்டை போகுது. நான் இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தா முதல்ல யாரோ பழைய எண்ணை காப்பி-பேஸ்ட் பண்ணிட்டாங்கன்னுதான் நினைப்பேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். இங்கிலாந்தில் பல பத்தாண்டுகள் இருந்த பாதை இது: மூணு வருஷம் சைக்காலஜி பட்டம், அப்புறம் ஆசிரியர் பயிற்சி, குறைந்தது ரெண்டு வருஷம் வகுப்பறையில் பாடம் நடத்தணும், கடைசியா ஒரு வருஷ முதுகலை. மொத்தம் ஏழு வருஷம். நியாயம் புரியுது. முப்பது பிள்ளைங்க முன்னாடி நின்னு தொண்டை காயாத ஒருத்தர் வந்து யோசனை சொன்னா எந்த டீச்சர் கேப்பாங்க?

ஆனா கணக்கைப் பாருங்க. ஏழு வருஷத்தில், ஒரு குழந்தையை சைக்காலஜிஸ்டாக எப்படிப் பார்ப்பது என்று கத்துக்கிட்டது ஒரே வருஷம். கோர்டு எழுதிய காலத்து லண்டனில் வகுப்பறை அனுபவத்துக்குப் பஞ்சம் இல்லை. குழாய் கேள்வியை அது தடுக்கலை. புது நாட்டுக்கு இப்பதான் வந்த, பல வருஷம் கழிச்சு அம்மாவைப் பார்த்த ஒரு குழந்தை பேசாம உக்காந்திருந்தா அது மந்தமா, பயமா? இதைப் பிரிச்சுப் பார்க்கும் பயிற்சிதான் குறைவு. கோர்டு புத்தகம் எழுதினது நிபுணர்களுக்கு இல்லை, பெற்றோருக்கு. பள்ளிக்குப் போய்க் கேளுங்க, நம்ம பிள்ளைகளுக்கு நாமே வகுப்பு நடத்துவோம் என்றார். அந்த அலையில் சனிக்கிழமை பள்ளிகள் பெருகின. (கோர்டு பின்னாடி கிரெனடா அரசியலில் துணைப் பிரதமர் ஆகி, சிறைக்கும் போனார். அது தனி எபிசோடு.)

1978-ல் மேரி வார்னாக் குழு, ஐந்தில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சிறப்பு உதவி தேவைப்படலாம் என்றது. 1981 சட்டம் பழைய முத்திரைகளை எடுத்துட்டு, குழந்தையின் தேவை என்ன என்று எழுதச் சொன்னது. முறையான மதிப்பீட்டில் சைக்காலஜிஸ்டின் அறிக்கை கட்டாயம் ஆச்சு.

2006-ல் பயிற்சியையே மாத்தினாங்க. ஒரு வருஷ முதுகலை போய் மூணு வருஷ முனைவர் படிப்பு வந்தது. ஆசிரியராக இருந்திருக்கணும்ங்கிற நிபந்தனையும் போச்சு. குழந்தைகளோட வேலை செய்த அனுபவம் இருந்தா போதும். முதல் வருஷம் பெரும்பாலும் பல்கலைக்கழகம், அடுத்த ரெண்டு வருஷம் உள்ளாட்சி சேவையில் மேற்பார்வையோட வேலை, கூடவே ஒரு ஆய்வேடு. 2009-ல் இருந்து பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கவே முடியாது. டீச்சர் நிபந்தனை போனதில் எனக்கு கொஞ்சம் வருத்தம்தான். ஆனா ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும்னா நான் அந்த மூணு வருஷத்தைத்தான் எடுப்பேன்.

சிக்கல் இப்போ வேற இடத்தில். 2014 சட்டப்படி சிறப்பு உதவித் திட்டம் கேட்டு வரும் குழந்தைக்கு மதிப்பீடு தொடங்கினா, சைக்காலஜிஸ்ட் ஆறு வாரத்தில் அறிக்கை கொடுக்கணும். விண்ணப்பங்கள் கூடிக்கிட்டே போகுது, ஆள் பத்தலை. வகுப்பில் உக்காந்து கவனி, வீட்டில் பேசு, ஆசிரியரோட சேர்ந்து யோசி, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி போய்ப் பார் என்று மூணு வருஷம் கத்துக்கிட்டவங்க, பல இடங்களில் ஒரே ஒரு தடவை பள்ளிக்குப் போய்ட்டு வந்து ரிப்போர்ட் டைப் பண்றாங்க. மறுபடி போக தேதி இல்லை.

எபிசோடு இவ்வளவுதான். உங்க வீட்ல அந்த சாமானுக்கு என்ன பேர்? குழாயா, பைப்பா, டேப்பா, வேற ஏதாவதா? எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் படிக்கிறேன்.