பெங்களூருக் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளில் தர ஆய்வு

பெங்களூரில் தனியார் குடும்ப மருத்துவர் நடத்தும் கிளினிக்கின் இடவசதி, கருவிகள், பணியாளர், பதிவேடுகள், கழிவகற்றல் ஆகியவை சட்டம் வகுத்த குறைந்தபட்சத் தரத்தில் உள்ளனவா என்று அதிகாரிகள் நேரில் பார்க்கும் நடைமுறை. கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம், 2007 இதற்கு அடிப்படை. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு மருத்துவர்கள் இச்சட்டத்தைக் 'கே.பி.எம்.இ.' என்றே குறிப்பிடுவர்.

வரலாறு

இந்தியாவில் இத்தகைய சட்டங்கள் கிளினிக்கை மனத்தில் வைத்துப் பிறந்தவை அல்ல. படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோமுக்காகப் பிறந்தவை. பம்பாய் மாகாணம் 1949இல் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டத்தை இயற்றியது. மேற்கு வங்கம் 1950இல் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது. அரசியலமைப்பில் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றதால் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் நடந்தது. கர்நாடகத்தின் முறை 1976இல் வந்தது. தனியார் நர்சிங் ஹோம்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்ற அதன் பெயரே எல்லையைச் சொல்லிவிடும். தெருமுனையில் ஒற்றை அறையில் ஊசி போட்டு மருந்து எழுதித் தந்த மருத்துவர் அந்த எல்லைக்கு வெளியே நின்றார்.

2007ஆம் ஆண்டுச் சட்டம் பழையதை நீக்கிவிட்டு, படுக்கை உண்டோ இல்லையோ, கிளினிக், பாலிகிளினிக், ஆய்வுக்கூடம், ஸ்கேன் மையம், இயன்முறை மருத்துவ மையம் என அனைத்தையும் ஒரே வலையில் கொண்டுவந்தது. விதிகள் 2009இல் வெளியாயின. தமிழ்நாடு 1997இலேயே இதையொத்த சட்டம் இயற்றியபோதும், அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன.

கழிவகற்றல் விதிகளிலும் இதே தாமதத்தைக் காணலாம். மத்திய அரசின் 1998ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், மாதம் ஆயிரம் நோயாளிகளுக்குக் குறைவாகப் பார்க்கும் கிளினிக்குக்கு அனுமதி பெறுவதிலிருந்து விலக்கு அளித்தன. 2016ஆம் ஆண்டு விதிகள் அந்த விலக்கை எடுத்துவிட்டன.

2017 நவம்பரில் சட்டத் திருத்தம் பெரும் பூசலைக் கிளப்பியது. நீதிபதி விக்ரமஜித் சென் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் சுகாதார அமைச்சர் கே.ஆர். ரமேஷ் குமார் மசோதாவைக் கொண்டுவந்தார். கட்டண வரம்பு, சிறைத்தண்டனை ஆகியவற்றை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் புறநோயாளிப் பிரிவுகளை மூடினர், அவதிப்பட்டவர்கள் நோயாளிகள். கடுமையான பிரிவுகள் தளர்த்தப்பட்டு, மசோதா அதே மாதம் நிறைவேறியது. நோயாளர் உரிமைச் சாசனமும் மாவட்ட அளவில் குறைதீர்க்கும் அமைப்பும் இதனால் கிடைத்த நன்மைகள்.

வகைப்பாடு

நிறுவனங்கள் முதலில் மருத்துவ முறைப்படியும், பின்னர் படுக்கை, சேவை ஆகியவற்றின்படியும் பிரிக்கப்படுகின்றன. குடும்ப மருத்துவர் கிளினிக் படுக்கையற்ற வகையில் அடங்கும். பதிவெண், நிறுவனத்தின் பெயர், உரிமையாளர் பெயர் ஆகியவற்றைப் பலகையில் எழுதி மாட்டவேண்டும் என்றும், பலகையின் நிறம் அலோபதிக்கு வெளிர்நீலம், ஆயுர்வேதத்துக்குப் பச்சை என்றும் 2024இல் உத்தரவிடப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் எந்த முறை மருத்துவரிடம் போகிறோம் என்று அறிய இது உதவும். ஹோமியோபதி மட்டும் படித்தவர் அலோபதி மருந்து கொடுப்பது அதனளவிலேயே கவனக்குறைவு என உச்ச நீதிமன்றம் 1996இல் பூனம் வர்மா வழக்கில் கூறியதால், எந்த முறைக்குப் பதிவு என்பது வெறும் சம்பிரதாயம் அன்று.

ஆய்வு முறை

நிறுவனங்களைப் பதிவுசெய்யும் மாவட்டப் பதிவு ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். மாவட்ட சுகாதார அதிகாரி உறுப்பினர் செயலர். மருத்துவரின் பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு, கட்டணப் பட்டியல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி ஆகியவை முதலில் பார்க்கப்படும். ஸ்கேன் கருவி இருந்தால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவும் தேவை.

அதன்பின் கண் போவது மூலையிலிருக்கும் குப்பைத் தொட்டிகளுக்கு. இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், ஊசி நீக்கிய சிரிஞ்சும் கையுறையும் சிவப்பிலும், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியிலும், மருந்துக் குப்பிக் கண்ணாடி நீலத்திலும் சேரவேண்டும். கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. பயன்படுத்திய ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டும் பழக்கம்தான் உதவியாளர் விரலைப் பதம்பார்ப்பது. ஊசி வெட்டும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்தப் பழக்கத்துக்கு வேலையில்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வெப்பநிலை 2 முதல் 8 பாகைக்குள் நிற்கவேண்டும். திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும் கதவுத் தட்டில் தடுப்பூசி வைப்பது தவறு.

மருந்துச்சீட்டு சரியா, நோய் சரியாகக் கணிக்கப்பட்டதா என்பவை இந்த ஆய்வுக்குள் வருவதில்லை. இங்கிலாந்தில் 2013 முதல் குடும்ப மருத்துவர்களைப் பார்வையிடும் பராமரிப்புத் தர ஆணையம் பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கு ஈடுகொடுத்தல், நிர்வாகம் ஆகிய ஐந்தையும் எடைபோட்டுத் தரமதிப்பீடு அறிவிக்கிறது. பெங்களூரில் அதற்கு அருகில் வருவது தேசிய மருத்துவமனைத் தரச்சான்று வாரியம் கிளினிக்குகளுக்கு வகுத்துள்ள தரநிலை. அது விரும்பினால் பெறுவது.

தற்போதைய நிலை

விண்ணப்பம் இணையவழி, பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மாநில அரசின் 'நம்ம கிளினிக்'குகள் இச்சட்டத்தின்கீழ் வருவதில்லை.