தேரோட்டிக்குக் காது வேண்டும்



விளையாட்டில் வெற்றிக்குப் பெரிதும் காரணம் ஆட்டக்காரரின் திறமையா, பயிற்சியாளரின் முடிவா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. "ஓடுறவன் அவன், வேர்க்கிறது அவனுக்கு. ஓரத்துல சட்டை கசங்காம நிக்கிறவருக்கு இதுல என்னய்யா பங்கு?" நல்ல கேள்வி. நீங்களும் கையைத் தட்டிட்டீங்க. நான் பதிலுக்கு ஒரு வரலாறு சொல்றேன். கேட்டுட்டு எனக்கும் தட்டலாமான்னு முடிவு பண்ணுங்க. (சிரிப்பு)

ஆண்டு 1969. நாடு அமெரிக்கா. ஆட்டம் கூடைப்பந்து. அங்கே என்.பி.ஏ. என்று தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கப் போட்டி உண்டு. அதன் இறுதிப் போட்டி ஒரு நாளில் முடிவதில்லை. அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்குக் கோப்பை. ஒரு ஆட்டம் 48 நிமிடம். அணிக்கு ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். இந்த விதியை மட்டும் முந்தானையில முடிஞ்சு வச்சுக்குங்கம்மா. கதையே இதுலதான் இருக்கு.

ஒரு பக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். இன்னொரு பக்கம் பாஸ்டன் செல்டிக்ஸ். 1962, 1963, 1965, 1966, 1968 என்று ஐந்து முறை இறுதிப் போட்டியில் பாஸ்டனிடம் தோற்ற அணி லேக்கர்ஸ். "இந்தத் தடவை விடக்கூடாது" என்று மூன்று ஆட்டக்காரர்களைக் கொடுத்து ஒரே ஒருவரை வாங்கினார்கள். அவர் பெயர் வில்ட் சேம்பர்லின். உயரம் ஏழடி ஓரங்குலம். 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த மனிதர். கூடவே ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்று இரண்டு மகா வீரர்கள். திறமைக்குப் பஞ்சமா? கொட்டிக் கிடந்தது!

பாஸ்டன் நிலைமை என்ன? வயசான அணி. தங்கள் பிரிவில் நான்காவது இடம். 82 ஆட்டத்தில் 48 வெற்றி, லேக்கர்ஸுக்கு 55. பாஸ்டனின் தூண் பில் ரஸ்ஸல், வயது 35. அவரேதான் பயிற்சியாளரும். 1966இல் அந்தப் பொறுப்பை ஏற்றபோது, அந்தப் போட்டியின் வரலாற்றில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். மகாபாரதத்தில் கண்ணன் தேர் ஓட்டினான், அர்ச்சுனன் அம்பு விட்டான். இங்கே ஒரே ஆள் தேரும் ஓட்டி அம்பும் விட்டார்!

முதல் ஆட்டத்தில் வெஸ்ட் 53 புள்ளி. லேக்கர்ஸ் வெற்றி. இரண்டாவதில் 41. மறுபடி லேக்கர்ஸ். வெஸ்டைத் தடுக்க ஒரே ஒருவரை நிறுத்தியிருந்தார் ரஸ்ஸல். அது தப்பு என்று தெரிந்ததும் வீம்பு பிடிக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் வெஸ்ட் மீது இரண்டு பேரை ஏவினார். 111-105, பாஸ்டன் வென்றது.

நான்காவது ஆட்டம். ஏழு வினாடிதான் பாக்கி. பாஸ்டன் ஒரு புள்ளி பின்னால். அப்போது ஹாவ்லிசெக், சீக்ஃபிரீட் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் ஆடிய ஒரு வியூகத்தைச் சொன்னார்கள். மூன்று பேர் சுவர் மாதிரி நிற்க, பின்னால் இருந்து ஒருவர் பந்தை எறிவது. பன்னிரண்டு பருவத்தில் பத்துக் கோப்பை பார்த்த ரஸ்ஸல், "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்கவில்லை. சரி என்றார். சாம் ஜோன்ஸ் பந்தை எறிந்தார். எறியும்போது கால் சறுக்கியது. பந்து வளையத்தில் தட்டித் தடுமாறி உள்ளே விழுந்தது. 89-88.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். "அது அதிர்ஷ்டம்யா" என்கிறார். இருக்கட்டும். அதிர்ஷ்டம் வாசலுக்கு வரும்போது கதவைத் திறந்து வச்சது யாரு? (கைதட்டல்)

ஐந்தாவது லேக்கர்ஸுக்கு. ஆனால் அந்த ஆட்டத்தின் முடிவில் வெஸ்டுக்குத் தொடையின் பின்தசையில் காயம். ஆறாவது பாஸ்டனுக்கு. மூன்றுக்கு மூன்று. மே 5ஆம் தேதி ஏழாவது ஆட்டம், லேக்கர்ஸின் சொந்த அரங்கத்தில்.

அரங்கத்துக்கும் அணிக்கும் உரிமையாளர் ஜாக் கென்ட் குக். அவர் என்ன செய்தார் தெரியுமா? கூரையில் வலை கட்டி, ஆயிரக்கணக்கில் பலூன்களை நிரப்பிவிட்டார். லேக்கர்ஸ் வென்றதும் பலூன் கொட்டும், வாத்தியம் முழங்கும் என்று தாளும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். பொண்ணு சம்மதம் சொல்றதுக்கு முன்னாலேயே மண்டபத்துக்கு முன்பணம் கட்டின கதை! (சிரிப்பு) அந்தத் தாள் ரஸ்ஸல் கையில் கிடைத்தது. தன் வீரர்களுக்குப் படித்துக் காட்டினார். அதற்குமேல் அறிவுரை எதற்கு?

நான்காம் கால் பகுதியில் பாஸ்டன் 17 புள்ளி முன்னால் போய்விட்டது. வெஸ்ட் காயம்பட்ட காலோடு துரத்துகிறார். ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி இருக்கும்போது சேம்பர்லின் துள்ளி இறங்கினார், முழங்காலில் அடி. வெளியே வந்தார். மெல் கவுன்ட்ஸ் உள்ளே போனார். இடைவெளி குறைந்தது, குறைந்தது, ஒரே புள்ளிக்கு வந்துவிட்டது.

சேம்பர்லின் பயிற்சியாளரிடம் போய், வலி பரவாயில்லை, என்னை உள்ளே அனுப்புங்கள் என்றார். பயிற்சியாளர் புட்ச் வான் பிரெடா கோல்ஃப். பருவம் முழுக்க இவருக்கும் சேம்பர்லினுக்கும் ஆகாது. சேம்பர்லின் களத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதிலேயே சண்டை. அவர் சொன்ன பதிலின் சாரம்: நீ இல்லாமலேயே நன்றாகத்தான் போகிறது. அவ்வளவுதான். ஏழடி மனிதர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, கடைசி நிமிடங்கள் ஓடின.

நியாயமாகப் பேசுவோம். ஓடுகிற வண்டியில் ஏன் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதிலும் நியாயம் உண்டு. சேம்பர்லின் போயிருந்தால் வென்றிருப்பார்களா? யாராலும் சொல்ல முடியாது. பாஸ்டனின் டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தின் பின்பக்கம் மோதி, மேலே எழும்பி, நேராகக் கூடைக்குள் விழுந்தது. 108-106. பாஸ்டனுக்குக் கோப்பை. பலூன்கள் கூரையிலேயே தொங்கின.

அன்றைக்கு வெஸ்ட் எடுத்தது 42 புள்ளி. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 13 முறை பிடித்தார். 12 முறை மற்றவர்கள் கூடை போடப் பந்து கொடுத்தார். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த ஆண்டுதான் தொடங்கியது. முதல் விருது அவருக்கே. தோற்ற அணியில் இருந்து அந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பரிசாகக் கொடுத்த காரின் நிறம் பச்சை. பச்சை பாஸ்டனின் நிறம்! வெந்த புண்ணில் வேல்.

திறமையே போதும் என்கிற நண்பர்களே, போதும் என்றால் அன்று கோப்பை அந்த மனிதர் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இன்னும் கேளுங்க. 1971இல் லேக்கர்ஸுக்குப் புதுப் பயிற்சியாளராக வந்தார் பில் ஷார்மன். ஆட்ட நாளில் காலையில் எல்லோரும் கூடிப் பயிற்சி செய்யவேண்டும் என்பது அவர் வழக்கம். சேம்பர்லினோ இரவெல்லாம் விழித்திருக்கிற ஆள். ஷார்மன் அதிகாரம் பண்ணவில்லை. உட்கார்ந்து பேசினார், கேட்டார், சம்மதிக்க வைத்தார். அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் தொடர்ந்து 33 வெற்றி. 1972இல் கோப்பை. கெயில் குட்ரிச் போன்ற மற்றவர்களின் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அதே வில்ட், அதே வெஸ்ட், நடத்தியவர் வேறு. வெஸ்ட் ஆட்டக்காரராக வென்ற ஒரே கோப்பை அதுதான்.

இந்தக் கதை என்னை ஏன் பிடித்துக்கொண்டது என்று சொல்லி முடிக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பேச்சுப் போட்டிக்கு மூன்று மாணவர்களைக் கூட்டிப் போனேன். ஒரு பையனுக்குப் பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. "முடியலை ஐயா" என்றான். எனக்குக் கோபம். வேறு பையனை மேடையேற்றினேன். கடைசிச் சுற்றில் வந்து, "ஐயா, இப்ப சரியாயிடுச்சு" என்றான். "நீ இல்லாமலே நல்லாத்தான் போகுது, உட்காருடா" என்றேன்.

நாங்கள் ஜெயித்தோம். கேடயம் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. அந்தப் பையன் அதற்குப் பிறகு மேடையே ஏறவில்லை. வான் பிரெடா கோல்ஃப் தோற்றார். ஊரே அவரைக் கேள்வி கேட்டது. அந்தப் பருவத்தோடு பதவியை விட்டுப் போனார். நான் ஜெயித்தேன். என்னை யாருமே கேட்கவில்லை.

திருக்குறளில் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. யாரை எதற்கு அனுப்புவது என்று பத்துக் குறள். வருஷக்கணக்காக வகுப்பில் நடத்தியவன் நான். ஒரு பையன் எதிரில் வந்து நின்றபோது எனக்கு ஒரு குறளும் நினைவுக்கு வரவில்லையே!

வீட்டில் அப்பாவாக, அம்மாவாக, மாமியாராக இருக்கிறவர்களே, நாம் எல்லாருமே பயிற்சியாளர்கள்தான். நம் பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறது. "இப்ப முடியும்" என்று அது வந்து நிற்கும்போது கேட்கக் காது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. திறமை வாசலில் நிற்கும். உள்ளே அனுப்புவது முடிவு. ஆகவே பயிற்சியாளரின் முடிவே வெற்றிக்குப் பெரிதும் காரணம் என்று கூறி, தீர்ப்பு என்ற முடிவைக் கையில் வைத்திருக்கும் நடுவர் அவர்கள் எங்கள் அணியை ஓரத்தில் உட்கார வைத்துவிடக் கூடாது என்றும் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)