வேலியும் வேட்டையும்

"அனுமதியின்றி உட்பிரவேசித்தல் கூடாது, மீறுவோர் தண்டிக்கப்படுவர்" என்னும் பலகையை நாம் எத்தனையோ இடங்களிற் கண்டிருக்கின்றோம். தோட்டத்து வாயிலிலும் தென்னங்காணியின் கம்பி வேலியிலும் காட்டோரத்து மரத்திலும் அது தொங்குகின்றது. துவக்கும் நாயுமாக ஓர் அந்நியன் தன் காணிக்குள் நுழைவதைக் காணும் எவனுக்கும் நெஞ்சு பதைக்கவே செய்யும். பயிர் மிதிபடும், மாடு வெடிபடும், வேலி அறுபடும், பிள்ளைகள் விளையாடும் பக்கம் குண்டு பாயும். இந்த அச்சத்தை எள்ளி நகையாட நாம் முன்வரவில்லை.

ஆயினும் அந்தப் பலகைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை முதன்முதலில் நாட்டியவன் யார்? யாருக்காக நாட்டினான்? வெளியே நிறுத்தப்பட்டவன் அதற்கு முன்பு எங்கே நின்றான்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோமானால், நமது சட்டப் புத்தகங்கள் பலவற்றுக்கும் தாயகமான இங்கிலாந்துக்கே நாம் முதலிற் செல்லவேண்டும்.

1066ஆம் ஆண்டு இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மானிய மன்னன் வில்லியம், நாட்டின் பெரும் பரப்புகளைத் தன் வேட்டைக் காடுகளாக்கினான். 'புதிய காடு' என்று இன்றும் வழங்கும் தென்பகுதிக் காடு அவற்றுள் ஒன்று. மானைக் கொன்றவனின் கண்களைக் குருடாக்க அவன் கட்டளையிட்டான் என்று அந்நாட்டுப் பழைய வரலாற்றுப் பதிவேடு கூறுகின்றது. 1217ஆம் ஆண்டில் எழுதப்பட்ட காட்டுச் சாசனம், மானின் பொருட்டு இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என்று விதித்தது. அப்படி ஒரு விதி எழுதப்பட வேண்டியிருந்தது என்பதே, அதற்கு முன் இருந்த நிலையை நமக்கு விளக்கப் போதுமானது.

மன்னனின் ஏகபோகம் தளர்ந்தபோது அதன் வாரிசுகளாக நிலப்பிரபுக்கள் எழுந்தனர். 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்தின்படி, ஆண்டொன்றுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலம், அல்லது 150 பவுண் வருமானம் தரும் நெடுங்காலக் குத்தகை நிலம் உடையவனே முயலையும் கௌதாரியையும் வேட்டையாடலாம். உயர்குடிப் பிறந்த மூத்த மகனுக்கும் அவ்வுரிமை இருந்தது. அக்காலத்தில் ஒரு கிராமப்புறத்தான் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பதற்கு ஆண்டொன்றுக்கு 2 பவுண் பெறுமதியான நிலம் இருந்தாற் போதும். நாட்டை ஆள்பவனைத் தெரிவதற்கு வேண்டிய சொத்தைவிட ஒரு கௌதாரியைச் சுடுவதற்கு வேண்டிய சொத்து ஐம்பது மடங்காக இருந்தது! ஒரு வர்க்கம் எதைத் தன் உயிரினும் மேலாகப் போற்றியது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகக் கூறவல்லது வேறில்லை.

இங்கு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அச்சட்டம் நிலமற்ற ஏழையை மட்டும் தடுக்கவில்லை. சொந்தமாகச் சில ஏக்கர் வைத்து உழுதுண்ட சிறு கமக்காரனையும் தடுத்தது. தன் வயலில், தன் பயிரைத் தின்றுகொண்டிருக்கும் முயலைத் தானே கொல்ல அவனுக்கு உரிமையில்லை. நிலப்பிரபுவின் வேட்டைக் காவலனோ, தகுதியற்றவனின் வீட்டுக்குள் நுழைந்து சோதனையிட்டுத் துவக்கையும் நாயையும் வலையையும் பறித்துச் செல்லலாம். அப்படியாயின் அத்துமீறிப் பிரவேசித்தவன் உண்மையில் யார்?

1723ஆம் ஆண்டில் 'கறுப்புச் சட்டம்' என்று பெயர்பெற்ற கொடிய சட்டம் வந்தது. வின்சர் முதலிய காடுகளில் முகத்திற் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடிய கூட்டங்களை ஒடுக்குவதற்கென்று அது பிறந்தது. ஆயுதம் தாங்கி, முகத்தைக் கறுப்பாக்கி, வேட்டைக் காட்டிற் காணப்படுதல்தானே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மான் திருடுதல், மீன் குளத்தின் அணையை உடைத்தல், மரங்களை வெட்டி வீழ்த்துதல் என்று தூக்குமரத்துக்கு வழிகாட்டும் குற்றங்கள் ஏறத்தாழ ஐம்பதாகப் பெருகின. அதன் பெரும்பகுதி 1823ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட தமது நூலில், அந்தக் கரி பூசிய முகங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் வெறும் கள்வர் கூட்டத்தினர் அல்லர் என்பதை நிறுவினார். விறகும் மேய்ச்சலும் கரியும் எடுக்கும் பரம்பரை உரிமைகளை இழந்துகொண்டிருந்த காட்டோரக் குடிகளே அவர்களுட் பலர்.

அந்த இழப்பு அடுத்த நூறாண்டில் நாடெங்கும் பரவிற்று. 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இங்கிலாந்தின் பாராளுமன்றம் நிறைவேற்றியது; 68 இலட்சம் ஏக்கர் வரையிலான பொதுநிலமும் திறந்த வயலும் அவற்றால் தனிவேலிக்குட் சென்றன. தந்தை மாடு மேய்த்த புற்றரையில் மகன் நாற்கூலியானான். கூலியும் குறைந்து உரொட்டியின் விலையும் ஏறிய ஆண்டுகளில், வேலிக்கு அப்பால் துள்ளும் முயல் அவனுக்கு இராச் சாப்பாடாகத் தோன்றியதில் வியப்பென்ன? தான் பாவம் செய்வதாக அவன் கருதவில்லை. ஆடு ஒருவன் வளர்த்தது. முயலை வளர்த்தவன் எவன் என்பது அவனுடைய வாதம்.

நிலப்பிரபுவின் விடை இரும்பினாலானது. காட்டுப் பாதைகளிற் கண்ணி போன்ற இருப்புப் பொறிகள் வைக்கப்பட்டன. மெல்லிய கம்பியிற் கால் பட்டதும் தானே வெடிக்கும் துவக்குகள் புதர்களிற் கட்டப்பட்டன. நமது வன்னியிலும் கிழக்கிலும் 'கட்டுத்துவக்கு' என்று வழங்கும் அதே கருவிதான். கம்பிக்குக் கண் இல்லை. முயல் பிடிக்க வந்தவனையும் பூப்பறிக்க வந்த சிறுமியையும் அது வேறுபடுத்தியறியாது. எச்சரிக்கைப் பலகை இருப்பதை அறிந்தும் நுழைந்து காயப்பட்டவன் நட்டஈடு கோர முடியாது என்று 1820ஆம் ஆண்டு வழக்கொன்றில் இலண்டன் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரு பறவைக்காக மனிதனைக் கொல்லும் இவ்வழக்கத்தை எதிர்த்து சிட்னி சிமித் என்னும் மதகுரு பேனா எடுத்துப் போராடினார். 1827ஆம் ஆண்டிற்றான் அக்கட்டுத்துவக்குகள் தடைசெய்யப்பட்டன.

ஆனால் அடுத்த ஆண்டே, 1828இல், இரவு வேட்டைச் சட்டம் வந்தது. இரவில் வேட்டைக்காகப் பிறர் நிலத்தில் மூன்றாம் முறை பிடிபட்டவனை ஏழாண்டுகள் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பலாம். மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து, ஒருவன் கையிலேனும் ஆயுதம் இருந்தால், பதினான்கு ஆண்டுகள் வரை. அவுஸ்திரேலியாவின் கைதிக் குடியேற்றங்களில் முயலுக்காகத் தாய்நாட்டை இழந்தவர்களும் இருந்தார்கள்.

இனி இதே காலத்தில் நடந்த மற்றொரு வழக்கைப் பார்ப்போம். 1809ஆம் ஆண்டு எசெக்ஸ் பிரபு, நரி வேட்டைக்காரர் கூட்டமொன்று தமது மாளிகைத் தோட்டத்துட் குதிரைகளோடும் நாய்களோடும் புகுந்ததாக வழக்குத் தொடர்ந்தார். பிரதிவாதி வேறு யாருமல்லர். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றிற் பிறந்த சகோதரரான கேப்பல் என்னும் மதகுரு! பயிருக்குக் கேடான நரியை அழிப்பதற்கு எவருடைய நிலத்திலும் நுழையலாம் என்னும் பழைய தீர்ப்பை அவர் தரப்பினர் துணைக்கழைத்தனர். நரியை அழிப்பதற்கன்றி இன்பம் நாடியே நுழைந்தமையால் அது அத்துமீறலே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டக்கோட்பாடு என்ற வகையில் அது நல்ல தீர்ப்பே. ஆனால் குதிரைமேல் வந்தவனின் அத்துமீறல் நட்டஈடு கேட்கும் வழக்காக முடிந்தது. கால்நடையாக வலையோடு வந்தவனின் அத்துமீறலோ கப்பலேற்றத்தில் முடிந்தது. வேலி ஒன்றுதான், அதனைத் தாண்டிய கால்கள் வேறு.

நேர்மையாகப் பேசுவோமானால் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. வேட்டைக் கள்வர் அனைவரும் பசித்த ஏழைகள் அல்லர். 1755 முதல் 1831 வரை வேட்டை இறைச்சியை விற்பதே குற்றமாயிருந்தமையால், இலண்டன் செல்வர்களின் மேசைகளுக்குக் கள்ளத்தனமாக அதனை அனுப்பிய வாணிபம் பெருகியது; அதற்காக வேட்டையாடிய முரட்டுக் கூட்டங்களும் இருந்தன. அவர்கள் கையில் மாண்ட வேட்டைக் காவலன் பெரும்பாலும் அதே கிராமத்து ஏழையின் மகனே. பிரபுவின் பறவைக்காக ஏழையும் ஏழையும் இருளில் அடித்துக்கொண்டு இறந்தனர். தடையை விதித்தவர்களே கள்ளச்சந்தையின் வாடிக்கையாளர்களாகவும் இருந்தார்கள் என்பதுதான் இக்கதையின் கசப்பான பகுதி.

1831ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சொத்துத் தகுதியை ஒழித்தது. விற்பனைக்கும் அனுமதிப்பத்திர முறையை வகுத்தது. எனினும் குத்தகைப் பத்திரத்தில் வேட்டை உரிமையைத் தனக்கே ஒதுக்கிக்கொள்ள நிலப்பிரபுவுக்கு வழி இருந்தது. குத்தகைக்காரன் விதைத்தான், பிரபுவின் முயல் தின்றது, அந்த முயலைச் சுடப் பிரபுவின் விருந்தினர் வந்து எஞ்சியதையும் மிதித்தனர். 1880ஆம் ஆண்டிலேதான், எந்தப் பத்திரத்தாலும் பறிக்கமுடியாத உரிமையாக, தன் வயலின் முயலைக் கொல்லும் உரிமை பயிரிடுபவனுக்குக் கிடைத்தது.

இதே குறையை ஒரே இரவிற் தீர்த்தவர்கள் பிரெஞ்சு மக்கள். பிரபுக்களின் மானும் முயலும் புறாவும் தம் விளைச்சலைத் தின்பதைக் கைகட்டிப் பார்த்திருந்த அந்நாட்டுக் குடியானவர்கள், 1789ஆம் ஆண்டு மன்னனுக்கு அனுப்பிய முறைப்பாட்டுப் பட்டியல்களிலே அதனை மீண்டும் மீண்டும் எழுதினர். அவ்வாண்டு ஆகத்து 4ஆம் நாளிரவு தேசிய சபை நிலமானிய உரிமைகளை ஒழித்தபோது, பிரபுக்களின் தனி வேட்டையுரிமையும் வீழ்ந்தது. மறுவருடம் 1790இல், உடையவன் சம்மதமின்றிப் பிறர் நிலத்தில் வேட்டையாடுதல் தடுக்கப்பட்டது. இங்கும் ஒரு பலகை நாட்டப்பட்டதே என்று சிலர் கேட்கலாம். ஆம், நாட்டப்பட்டது. ஆனால் அது உழுதவன் தன் பயிருக்காக நாட்டிய பலகை.

காலம் அதனையும் புரட்டிப் பார்த்தது. 1964ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டமொன்று, பல பிரதேசங்களிற் சிறு நிலக்காரர்கள் தம் நிலத்தை உள்ளூர் வேட்டைச் சங்கத்துக்குத் திறந்துவிட வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது. பெருநிலம் உடையவன் 'என் காணி வேண்டாம்' என்று விலகிக்கொள்ளலாம். சிறு நிலக்காரனுக்கு அந்த வசதி இல்லை. உயிர்க்கொலையை வெறுத்த சில சிறு நிலக்காரர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 1999ஆம் ஆண்டில் வென்றனர். 'நுழையாதே' என்று சொல்லும் உரிமையே செல்வனுக்கு ஒருவிதமாகவும் எளியவனுக்கு வேறுவிதமாகவும் அளக்கப்பட்டதை அந்நீதிமன்றம் கண்டித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் வேலி கடல் கடந்து இங்கும் வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுத்து நிரூபிக்கப்படும் வரை அரசுக்கே உரியன என்றது. தலைமுறை தலைமுறையாகக் காட்டிற் சேனை செய்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவன் தன் காட்டிலேயே ஆக்கிரமிப்பாளனானான். அதே ஆண்டுகளில் மேஜர் றொஜர்ஸ் என்னும் வெள்ளை உத்தியோகத்தர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகின்றது; நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டங்களோடு மரை வேட்டையாடி, அதைப் புத்தகமாகவும் எழுதிப் புகழ்பெற்றார். அவர்கள் செய்தது விளையாட்டு. கிராமத்தவன் செய்தது குற்றம்.

இந்த நாட்டின் ஆதிவேடர்கள் நிலவுரிமை அறியாதவர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் அதை மறுக்கின்றது. வேடர் குழுக்களுக்குத் தனித்தனி வேட்டை நிலங்களும் எல்லைகளும் இருந்தன. பிறர் எல்லைக்குள் வேட்டையாட அனுமதி வேண்டும். அடிபட்ட மிருகம் அயலான் நிலத்தில் வீழ்ந்தால் இறைச்சியில் அவனுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கும் எல்லை இருந்தது. எல்லை மீறினாற் கோபமும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோபம் ஒரு பங்கு இறைச்சியில் தணிந்தது. தூக்குமரமும் கப்பலும் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த வேடர்களின் காட்டில் 1983ஆம் ஆண்டு மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. குடும்பங்கள் பல வேறிடத்திற் குடியேற்றப்பட்டன. முன்னோரின் வேட்டை நிலத்துள் வில்லோடு நுழைந்தவன் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியானான். வனவிலங்குகள் காக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. காட்டை அழித்தவன் வேடன் அல்லன் என்பதிலும் ஐயமில்லை. காப்பாற்றும் செலவை மட்டும் அவன் தலையிற் கட்டியது எந்த நீதி?

ஆகவே அத்துமீறும் வேட்டைக்காரன் மீது காணிக்காரன் கொள்ளும் கோபத்தை ஒரே தராசில் நிறுத்தலாகாது. வியர்வை சிந்தி விளைவித்ததைக் காக்க எழும் கோபம் வேறு. பறித்ததைக் காக்க எழும் கோபம் வேறு. முன்னதற்கு நாம் துணைநிற்போம். ஆயினும் அந்தக் கோபமும் கம்பியின் நுனியில் துவக்கைக் கட்டத் தொடங்குமானால், அதுவும் பழைய பிரபுவின் கோபமாகிவிடும். பன்றிக்கென்று கட்டிய கட்டுத்துவக்கில் விறகு பொறுக்கச் சென்ற ஏழையின் கால் சிதறும் செய்தி நம் கிராமங்களுக்குப் புதிதன்று. இங்கிலாந்துப் பிரபு 1827இல் அவிழ்த்த கம்பியை நம் உழவன் இன்னும் கட்டிக்கொண்டிருப்பதா?

அடுத்த முறை அந்தப் பலகையைக் காணும்போது அதிலுள்ள எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு நாம் அப்பாற் செல்லவேண்டாம். இந்த வேலி எப்போது வந்தது, இதற்கு வெளியே நிற்பவன் நேற்று எங்கே நின்றான் என்றும் கேட்போம். அக்கேள்வியை எல்லோரும் கேட்கும் நாளிற்றான் வேலிகளுக்கு நியாயம் பிறக்கும்.