சுங்கானும் அரத்தாட் சக்கரமும்

கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் நீராவி யந்திரம், விசைத்தறி முதலான பெரும் பொறிகளையே பெரிதும் கருத்திற் கொள்வர். எனினும், ஒரு தொழிலின் போக்கைச் சிறியதொரு கருவியும் மாற்றியமைக்கக் கூடும். புகையிலைச் சுங்கானுக்கு உருக்கொடுக்கும் அரத்தாட் சக்கரம் இதற்குத் தக்கதொரு சான்றாகும். வட்டத் தட்டொன்றின் முகத்தில் அரத்தாளை ஒட்டி, அத்தட்டினை மோட்டரின் தண்டிற் பொருத்திச் சுழலவிடுவதே இக்கருவி. இதன் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்வதற்கு, இதற்கு முற்பட்ட உற்பத்தி முறையை முதலில் நோக்குதல் வேண்டும்.

பிரான்சின் யூரா மலைப்பகுதியில் அமைந்துள்ள சென் குளோட் ஒரு மடாலய நகரமாகும். யாத்திரிகருக்கான செபமாலை முதலிய பொருட்களை மரத்திற் கடைந்து விற்கும் தொழில் அங்கு நெடுங்காலம் நிலவிற்று. 1850களில் இந்நகரத்துக் கடைசற்காரர் பிரையர் மரத்திற் சுங்கான் செய்யத் தலைப்பட்டனர். பிரையர் என்பது மத்தியதரைக் கடற்பிரதேசத்தில் வளரும் ஒரு புதரின் வேரடிக் கணுவாகும். களிமண் சுங்கான் எளிதில் உடைந்தது. சாதாரண மரத்தாலான சுங்கான் விரைவிற் கருகிற்று. பிரையரோ வெப்பத்தைத் தாங்கி நின்றது. மலையாறுகளின் நீர்விசையும் பரம்பரைக் கடைசற்றிறனும் ஒன்றுசேரவே, சென் குளோட் சுங்கான் உற்பத்தியில் உலகப் புகழ் எய்தியது.

ஆயின், கடைசற் பொறிக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் அச்சைச் சுற்றிச் சுழலும் வடிவங்களையே அது ஆக்கவல்லது. சுங்கானிலோ கிண்ணத்துக்கு ஓர் அச்சும் தண்டுக்கு மற்றோர் அச்சும் உள்ளன. எனவே, கிண்ணத்தை ஒருமுறையும் தண்டை மறுமுறையும் கடைந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தனியே சீர்செய்ய வேண்டியிருந்தது. இவ்வேலைகள் தொழிற்சாலைகளிற் பலரிடையே பகுக்கப்பட்டன. வடிவம் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. மரமும் தொழிலாளியும் அதற்கு அடங்க வேண்டியவராயினர். அந்நகரத் தொழிலாளர் தமது வாழ்வைத் தாமே நிர்ணயிக்கும் உரிமையைக் கூட்டுறவின் வழி நாடினர். 1881இல் அங்கு தோன்றிய ‘சகோதரத்துவம்’ என்னும் கூட்டுறவுச் சங்கமும், 1910இல் எழுந்த மக்கள் இல்லமும் அம்முயற்சியின் சின்னங்களாகும். ஆனால், வேலைத்தளத்தில் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை வேறொரு நாட்டில், வேறொரு வழியிலேயே கைவினைஞனை வந்தடைந்தது.

சுவீடனிற் பிறந்த சிக்ஸ்டன் இவார்சன் (1910–2001), 1940களிற் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனிற் சுங்கான் பழுதுபார்க்கும் வேலையில் ஈடுபட்டார். பின்னர் தாமே சுங்கான் ஆக்கத் தொடங்கியவர், வழக்கிலிருந்த வேலை ஒழுங்கினைத் தலைகீழாக்கினார். முதலில் துளையிட்டு, அத்துளைக்கு ஏற்ப வெளிப்புறத்தைக் கடைவதே முந்திய முறை. இவரோ வெளிவடிவத்தைச் சுழலும் அரத்தாட் சக்கரத்தில் முதலில் ஆக்கி, அதன் பின்னரே துளையிட்டார். இதனால், மரத்தின் இழையோட்டத்தைப் பின்பற்றி வடிவம் அமைத்தல் இயல்வதாயிற்று. தேய்க்கும்போது மரத்திற் குழியொன்று தோன்றினால், அதற்கேற்ப வடிவத்தை மாற்றலாம். மறுபுறம், புகைத்துளை கிண்ணத்தின் அடியைச் சரியாகச் சந்திக்கச் செய்வது கண்ணையும் கையையும் நம்பிய வேலையாயிற்று. இம்முறை அவரது மகன் லார்ஸ், பேர்த்தி நானா ஆகியோரிடத்தும் பிற கைவினைஞரிடத்தும் தொடர்ந்தது.

இக்கருவியை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்பது இங்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒட்டுப்பலகையில் வெட்டிய வட்டத் தட்டொன்று, அதனைத் தண்டோடு இறுகப் பிணைக்கும் உலோகக் குடம், உறுதியாகப் பதிக்கப்பட்ட மோட்டர் ஆகியனவே இதற்குத் தேவை. தட்டின் மையம் சற்று விலகினும் சக்கரம் அதிரும். ஆதலால், அதனைத் தண்டிற் பொருத்திச் சுழலவிட்டே விளிம்பைச் சீர்செய்வர். தட்டுக்கும் அரத்தாளுக்கும் இடையே மென்மையான பஞ்சு ரப்பரை வைத்தால், அது மரத்தின் வளைவுக்கு இணங்கும். முதலிற் பருந்துகள் கொண்ட தாளும் படிப்படியாக நுண்டுகள் கொண்ட தாளும் பயன்படும். சக்கரம் கீழ்நோக்கிச் சுழலும் பக்கத்திலேயே மரத்தைப் பிடித்தல் வேண்டும். இன்றேல் அது கையினின்றும் பறிக்கப்படும். எழும் மரத்தூள் சுவாசத்துக்குத் தீங்கானதாகையால், தூசியை இழுத்தகற்றும் ஏற்பாடும் இன்றியமையாதது.

இதனைக் கைவினையின் முழு வெற்றியெனக் கொள்ளுதல் பொருந்தாது. மோட்டரும் அரத்தாளும் தொழிற்சாலைகள் தந்தவையே. கையால் ஆக்கிய சுங்கான் விலையுயர்ந்து, வசதி படைத்தோரின் சேகரிப்புப் பொருளாகவும் மாறிற்று. கூட்டுறவு பலருக்குத் தேடியதைச் சக்கரம் சிலருக்கே அளித்தது. ஆயினும், இவ்வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. யந்திரம் தன்னளவில் மனிதனை அடிமைப்படுத்துவதுமில்லை, விடுவிப்பதுமில்லை. வேலையின் ஒழுங்கை யார் தீர்மானிக்கின்றனர் என்பதே அடிப்படை வினா. கடைசற் பொறியும் சுழல்வதுதான். அரத்தாட் சக்கரமும் சுழல்வதுதான். முன்னதிற் சுழன்றது மரம். பின்னதில் மரம் கைவினைஞனின் கையில் இருந்தது.