ஆண்டுக்கு நாற்பது பவுண்

சென்ற கிழமை ஜேன் ஒஸ்ரினின் 'பெருமையும் தப்பெண்ணமும்' நாவலைப் பற்றிப் பேசும்போது, சார்லொட் லூக்காஸ் என்னும் பாத்திரத்தை ஒரே வசனத்தில் கடந்து போனேன். நேயர் ஒருவர் அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். "பணத்துக்காகக் கலியாணம் செய்தவள் என்று சொல்லிவிட்டீர்கள். அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று சொன்னீர்களா?" என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்விதான். பள்ளிக்கூட நாட்களில் முதன்முதல் படித்தபோது எனக்கும் சார்லொட்டைப் பிடிக்கவில்லை. தோழி எலிசபெத் வேண்டாமென்று ஒதுக்கிய கொலின்ஸ் பாதிரியாரை மூன்று நாளைக்குள் இவள் ஏற்றுக்கொள்கிறாளே என்று கோபம்கூட வந்தது.

1813இல் வெளிவந்த அந்த நாவலைத் திறந்தால், காதலுக்கு முன்பாகக் கணக்கு வந்து நிற்கிறது. பிங்லிக்கு ஆண்டு வருமானம் நாலாயிரமோ ஐயாயிரமோ பவுண், டார்சிக்குப் பத்தாயிரம். எலிசபெத்தின் தகப்பனார் பெனற்றுக்கு இரண்டாயிரம். வசதியான குடும்பம் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் பெனற்றுக்கு ஐந்து பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. காணியும் வீடும் ஆண்வழிக்கே சேரவேண்டுமென்று முன்னமே சட்டப்படி கட்டி வைக்கப்பட்டவை. அவர் கண்ணை மூடினால் எல்லாம் உறவினரான இந்தக் கொலின்ஸுக்கே போய்விடும். எலிசபெத்துக்கு மிஞ்சுவது ஆயிரம் பவுண் முதல். நூற்றுக்கு நான்கு வட்டி. அதுவும் தாயார் இறந்த பிறகு. ஆண்டுக்கு நாற்பது பவுண்! கலியாணம் பேச வந்த இடத்திலேயே கொலின்ஸ் இந்தக் கணக்கை அவளுக்கு நினைவூட்டுகிறார். அப்படிப்பட்ட மனிதர்.

சார்லொட்டின் நிலை எலிசபெத்தினதிலும் மோசம். வயது 27, அழகி அல்ல, கையில் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் காலத்தில் படித்த குடும்பத்துப் பெண் மானத்தோடு செய்யக்கூடிய தொழில் பெரும்பாலும் ஒன்றுதான். பிறர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் அப்படி வேலைக்குப் போகும் ஜேனுக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்கு முப்பது பவுண்.

சரி, மணம் முடித்தாலாவது பாதுகாப்பா? அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் மனைவிக்குத் தனியான சட்ட உருவமே இல்லை. அவள் கொண்டுவந்த பணமும், உழைத்த காசும் கணவனுடையவை. செல்வர் வீடுகளில் மட்டும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களை நியமித்து, மகளின் பங்கை உறுதி எழுதிக் காப்பாற்றிக்கொண்டார்கள். (நம் யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டுமென்றாலும், சீதனம் மனைவியின் சொத்தாகவே நின்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) மனைவியின் உழைப்பு மனைவிக்கே என்று 1870இலும், சொத்து முழுவதும் அவளுக்கே என்று 1882இலும்தான் சட்டம் வந்தது. அதற்குள் ஜேன் ஒஸ்ரின் இறந்து 65 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்தக் கேள்வி ஒஸ்ரினுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. 1802 டிசெம்பர் 2ஆந் திகதி, ஹாம்ஷயரில் மனிடவுன் என்ற பெரிய வீட்டில் அவர் தங்கியிருந்தார். அந்த வீட்டு வாரிசு ஹரிஸ் பிக்-விதர் அவரை மணம் கேட்டார். அவருக்கு வயது 21. ஜேனுக்கு 27 ஆக இரண்டு கிழமைதான் இருந்தது. ஜேன் சம்மதித்தார். பெற்றோருக்கு முதுமையில் ஆதரவு, அக்கா கசாந்திராவுக்கு நிரந்தரமான வீடு, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன. மறுநாள் காலை அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கிருந்து புறப்பட்டுவிட்டார். அந்த ஓர் இரவில் அவர் மனதில் ஓடியது என்ன? எத்தனையோ பேர் ஊகித்து எழுதியிருக்கிறார்கள். நான் ஊகிக்கப் போவதில்லை.

அதற்குரிய விலையை அவர் கொடுத்தார். 1805 ஜனவரியில் தகப்பனார் காலமானார். தாயும் இரண்டு பெண்களும் சகோதரர்களின் உதவிப் பணத்தில் வீடு மாறி மாறி வாழ்ந்தார்கள். 1809இல்தான் அண்ணன் எட்வர்ட் சோட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். அந்த வீட்டிலிருந்தே நாவல்கள் வெளிவந்தன. 'பெருமையும் தப்பெண்ணமும்' உரிமையை 110 பவுணுக்கு விற்றார்; 150 கிடைத்திருந்தால் நல்லது என்று ஒரு கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார்.

அவரது கடிதங்களில் இரண்டு பக்கமும் உண்டு. 1814இல் பெறாமகள் ஃபானிக்கு எழுதும்போது, அன்பில்லாமல் மணம் முடிப்பதைவிட வேறெதையும் தாங்கிக்கொள்ளலாம் என்கிறார். 1817இல் அதே ஃபானிக்கு, தனித்து வாழும் பெண்கள் ஏழைகளாகிப் போவது பயங்கரம், மணம் முடிப்பதற்கு அது ஒரு வலுவான காரணம் என்கிறார். இதில் முரண்பாடு காண்பவர்கள் உண்டு. இரண்டையும் அனுபவித்து அறிந்தவர் எழுதியவை என்றே எனக்குப் படுகிறது.

அதனால்தான் அவர் சார்லொட்டைத் தண்டிக்கவில்லை. எலிசபெத் பின்னொரு நாள் அவள் வீட்டுக்குப் போகிறாள். முன்பக்கத்தில் நல்ல விசாலமான அறை இருக்க, பின்பக்கத்து அறையையே சார்லொட் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். ஏனென்று எலிசபெத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்குகிறது: வீதியில் போகும் வண்டிகளை வேடிக்கை பார்க்கும் கொலின்ஸ் அந்தப் பக்கம் அதிகம் வரமாட்டார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரை அடிக்கடி வெளியே அனுப்பிவிடுவதும் அவள்தான்.