காவலர் திரைப்படங்களும் காண்போர் தீர்ப்பும்

கூத்தும் நாடகமும் ஆக்கியோனால் மட்டும் நிறைவுறுவன அல்ல. காண்போன் உள்ளத்தே சென்று சுவையாக முடிந்தபொழுதுதான் அவை முழுமை எய்துகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலைத் தனி இயலாக வகுத்தமையும், உரையாசிரியர்கள் சுவைப்போன் நிலையை நுணுகி ஆராய்ந்தமையும் இவ்வுண்மையை வலியுறுத்தும். ஆயினும், இக்காலப் பெருங்கலையாகிய திரைப்படத்தை ஆராய்வோர் இயக்குநரையும் நடிகரையும் விரிவாகப் பேசிக் காண்போரைப் பற்றிச் சில சொற்களோடு அமைந்துவிடுகின்றனர். காவல்துறை அலுவலரைத் தலைவனாகக் கொண்டு, அவன் தீயோரை வேட்டையாடுவதைப் பொருளாக உடைய படங்கள் அரை நூற்றாண்டிற்கு மேலாகத் தமிழ்மக்களின் பெருவிருப்பிற்கு உரியனவாய் உள்ளன. அவற்றைக் கண்டோர் அளித்த தீர்ப்பு யாது? அது காலந்தோறும் ஒன்றாகவே நின்றதா, மாறியதா? இவ்விரு வினாக்களையும் மதுரையை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மதுரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது, இந்நகர் காண்போரின் நகர். 1952ஆம் ஆண்டுத் தீபாவளியன்று 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒருங்கிருந்து காணத்தக்க பேரரங்காய் விளங்கியது; இன்று அது இல்லை. சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் டூரிங் கொட்டகைகளில் மணல்மேல் அமர்ந்து அப்படங்களைக் கண்டனர். அமெரிக்க மானிடவியலறிஞர் சாரா டிக்கி, 1980களில் மதுரை ஏழை மக்களோடு பழகி அவர்தம் திரைப்பட ஈடுபாட்டை ஆராய்ந்து, 1993இல் நூலாக வெளியிட்டார். இரண்டாவது காரணம் இலக்கியஞ் சார்ந்தது. காவலன் ஒருவனது விரைந்த வாளால் குற்றமற்றவன் வீழ்ந்த கதை பெருங்காப்பியமாய் எழுந்தது இந்நகரை நிலைக்களமாகக் கொண்டே அன்றோ?

ஏட்டில் கண்ட காவலர்

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், மழை பொழியும் நள்ளிரவிலும் தளராது, கள்வர் இயல்பை நன்கறிந்து ஊர்சுற்றும் காவலரைப் போற்றுகின்றார். சிலப்பதிகாரமோ அதே நகரின் வேறொரு காவற்காட்சியைக் காட்டுகின்றது. பொற்கொல்லன் சொல்லை மெய்யெனக் கொண்ட பாண்டியன் ஆராயாது ஆணையிடுகின்றான். சென்ற காவலர், கோவலன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் கள்வர்தம் திறங்களை வகுத்துக் கூறி அவ்வையத்தை அகற்ற முயல்கின்றான். முடிவில், கல்வியும் இல்லாது கள்ளுண்டும் நின்ற ஒருவன் வாளை ஓச்சிவிடுகின்றான். அந்த ஐயத்திற்குச் சிறிது பொழுது கிடைத்திருப்பின் கதையே வேறாகியிருக்கும்.

இளங்கோவடிகள் இங்கே கற்போரை எவ்விடத்தில் நிறுத்துகின்றார் என்பது கருதத்தக்கது. அச்சிலம்பு கண்ணகியுடையது என்பதை நாம் முன்னரே அறிவோம். எனவே, கோவலன் குற்றமற்றவன் என்பதற்குக் கற்போரே சான்றாகின்றனர். அரசன் அறியாததை அறிந்து நிற்கும் நிலையே நம் நெஞ்சை வருத்துகின்றது.

திரையில் கண்ட காவலர்

இனித் திரைப்படங்களைக் காண்போம். எம்.ஜி.ஆர். 'என் கடமை' (1964), 'காவல்காரன்' (1967) ஆகியவற்றில் காவல்துறையினராய்த் தோன்றினார். 1974இல் வெளிவந்த 'தங்கப்பதக்கம்' மகேந்திரன் எழுதிய மேடை நாடகத்தினின்று உருவாயது. அதில் சிவாஜி கணேசன் ஏற்ற சௌத்ரி என்னும் அலுவலர், தீநெறிப்பட்ட தம் மகனையே சுட்டு வீழ்த்துகின்றார். இது மனுநீதிச் சோழன் வழிவந்த கதை. சட்டத்தின்முன் தன் குருதியும் பெரிதன்று என்பதே அதன் உட்கோள். கண்டோர் கண்ணீர் உகுத்தனர்.

அடுத்த தலைமுறைப் படங்களில் இந்நிலை மாறுகின்றது. 'மூன்று முகம்' (1982) படத்தின் அலெக்ஸ் பாண்டியன், 'புலன் விசாரணை', 'சத்ரியன்' (1990) ஆகியவற்றில் விசயகாந்து ஏற்ற அலுவலர்கள், 'சாமி', 'காக்க காக்க' (2003), 'சிங்கம்' (2010) ஆகியவற்றின் தலைவர்கள் என இவ்வரிசை நீள்கின்றது. சட்டத்தின் ஏவலனாய் நின்றவன் படிப்படியாகத் தானே சட்டமாகின்றான். 'சாமி' படத்தின் தலைவன் பகைவனைக் கொன்று, செங்கற் சூளையில் எரித்து, அவன் தப்பியோடினான் என உலகம் நம்புமாறு செய்கின்றான். அப்படம் பெருவெற்றி பெற்றது.

காண்போர் தீர்ப்பு ஏட்டில் எழுதப்படுவதன்று. கையொலி, சீழ்க்கை, படம் ஓடிய நாட்களின் எண்ணிக்கை, ஒரே படத்தைப் பன்முறை காணல், உரையாடலை மனப்பாடமாய் ஒப்பித்தல், ரசிகர் மன்றம் அமைத்தல் என்பனவே அதன் சான்றுகள். மதுரை மண்ணில் வளர்ந்த விசயகாந்து 2005இல் அம்மதுரையிலேயே தம் அரசியற் கட்சியைத் தொடங்கினார். காக்கியுடையில் மக்கள் கண்ட துணிவு அவர்தம் பொதுவாழ்வு மதிப்பிற்கு ஒரு தூணாயிற்று எனல் மிகையன்று.

கையொலியின் காரணம்

இக்கையொலியை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. திரையில் காவலனைக் கொண்டாடும் அம்மனிதனே, தன் வாழ்வில் காவல் நிலையப் படியேற அஞ்சி, ஊர்ப் பெரியவரையோ வழக்கறிஞரையோ உடனழைத்துச் செல்கின்றான். திரை வேறு, தெரு வேறு என்பதை அவன் நன்கறிவான். தனக்கு வாய்க்காத காவலனையே அவன் திரையில் வாழ்த்துகின்றான். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும் நாட்டில், மூன்று மணி நேரத்தில் முடியும் நீதி அவனுக்கு இனிக்கின்றது.

தொல்காப்பியர் வெகுளிக்கு நான்கு நிலைக்களன் கூறினார்: உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிதல், வைதும் அடித்தும் வருத்துதல், உயிர்கவர்தல். காவலர் படங்களின் முற்பாதி பெரும்பாலும் இந்நான்கினாலேயே இயலுகின்றது. தீயோன் செய்த கொடுமை அனைத்தையும் காண்போன் தன் கண்ணாலேயே கண்டுவிடுகின்றான். ஆதலின், தலைவன் சுடும்பொழுது அது சான்றின்றிச் செய்த கொலையாக அவனுக்குத் தோன்றுவதில்லை. தானே சான்றாய் இருக்கின்றான். சிலப்பதிகாரம் கற்போரைக் குற்றமின்மைக்குச் சான்றாக்கியது. காவலர் படம் காண்போரைக் குற்றத்திற்குச் சான்றாக்குகின்றது. இவ்வேறுபாட்டிலேயே இப்படங்களின் ஆற்றலும் இடரும் ஒருங்கே அடங்கியுள்ளன. அரங்கை விட்டு வெளியேறியவுடன் அச்சான்று அவனிடம் இல்லை. ஆயினும் சான்றுடையோன் போன்ற உறுதி மட்டும் எஞ்சி நிற்றல் கூடும். 2019 டிசம்பரில் ஐதராபாத்தில், பெண்ணொருவர் கொலையில் ஐயுறப்பட்ட நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபொழுது, மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையமோ, அவர்கள் கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டனர் என 2022இல் அறிக்கையளித்தது. மலர் தூவியோருள் எவரும் அக்குற்றத்தைக் கண்ணாற் கண்டவர் அல்லர்.

தீர்ப்பின் திருப்பம்

தமிழகத்தில் இவ்வுறுதியை உலுக்கிய ஆண்டு 2020. அவ்வாண்டு சூன் திங்களில், ஊரடங்கு மீறல் தொடர்பாகச் சாத்தான்குளம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வருந்துவதாக, 'சாமி', 'சிங்கம்' வரிசைகளை ஆக்கிய இயக்குநர் ஹரி அம்மாதத்திலேயே அறிக்கை வெளியிட்டார். ஆக்கியோனே தன் படைப்பைக் குறித்து இவ்வாறு கூறுதல் அரிது. சமூகத்தில் காண்போர் மனம் திரும்பியமை அவ்வறிக்கையில் எதிரொலித்தது என யாம் கருதுகின்றோம்.

இத்திருப்பத்திற்கு முன்னோடியாக, வெற்றிமாறனின் 'விசாரணை' 2015இலேயே காவல் நிலையத்தின் உட்புறத்தை அடிபடுவோன் கண்வழியே காட்டியிருந்தது. 2021இல் த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' தலைவனை வழக்கறிஞனாக்கியது. அவன் படைக்கலம் ஆட்கொணர்வு மனு. அவ்வியக்குநரே 2024இல் ஆக்கிய 'வேட்டையன்' நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. அதில் இரசினிகாந்து ஏற்ற அலுவலர், ஆசிரியை ஒருவர் கொலையில், மக்களின் வெகுளிக்கு விடையாக இளைஞன் ஒருவனைச் சுட்டுக் கொல்கின்றார். பின்னரே அவன் குற்றமற்றவன் என்பது புலனாகின்றது. இங்கே காண்போனிடமிருந்து சான்றிருக்கை பறிக்கப்படுகின்றது. அரங்கில் கையொலித்தவன், தானும் பொற்கொல்லன் சொல்லை நம்பியவனே என உணர நேர்கின்றது. கோவலன் கதை காக்கியுடையில் மீண்டு வந்தது எனலாம்.

அப்படம் பற்றிய கருத்துகள் இருபாற்பட்டன. அதன் அறத்தைப் பாராட்டியோர் ஒருபால். தலைவன் புகழுக்கேற்ற விறுவிறுப்புக் குறைந்தது என்றோர் ஒருபால். இப்பிளவு இயல்பே. வெகுளி விரைவை விரும்பும். ஐயம் பொழுதை வேண்டும். இரண்டையும் ஒரே மாலைப்பொழுதில் ஊட்டுவது எளிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காண்போர் தீர்ப்பு நிலையானதன்று என்பதும், கையொலி கொலைக்கன்று, விரைந்த நீதிக்கே என்பதும் பெறப்படும். அவ்வேட்கை தவறன்று; அதனை நிறைவு செய்யும் வழியே ஆராய்தற்குரியது. தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கூறிய நான்கனுள் தறுகண்ணும் புகழும் கொடையும் மட்டும் இல்லை. அவற்றிற்கு முன்னதாய்க் கல்வியும் உண்டு. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்துக என்னும் அரசியல் சட்டத்தையும், மோதற்கொலை ஒவ்வொன்றும் தற்சார்பற்ற புலனாய்விற்கு உட்படுக என 2014இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறியையும் கற்றவனே பெருமிதத்திற்கு உரிய காவலன்.

மற்றொன்றும் இறுதியாக நினைவுகூரத்தக்கது. மதுரைக் காப்பியத்தில் விரைவு இருமுறை வருகின்றது. வாளின் விரைவில் ஓர் உயிர் வீணாயிற்று. அவ்வாளுக்குப் பின், அழுது வந்த பெண்ணுக்கு வாயில் உடனே திறக்கப்பட்டது. அவள் சொல் கேட்கப்பட்டது. முத்தோ மாணிக்கமோ எனச் சான்று அவைமுன் உடைத்துக் காணப்பட்டது. அரசன் தன் பிழையைத் தானே ஒப்பி உயிர் துறந்தான். அரங்கில் சீழ்க்கையடிப்போன் உண்மையில் வேண்டுவது இவ்விரண்டாம் விரைவையே. அதனை நீதிமன்றங்கள் அளிக்குமாயின், முதல் விரைவிற்கு எழும் கையொலி தானே அடங்கும்.